ஏற்காடு மலைப்பாதையில் முதல் முறை வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு: உராய்வு, எடை, வேகம் தெரிந்து ஏறி இறங்கும் வழி

சேலம் ஐந்து ரோடு நெரிசலில் ஓட்டிப் பழகியவர்கள், ஏற்காட்டுக்கும் அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் முதல் முறை கிளம்புகிறார்கள். ஏறியும் விடுகிறார்கள். இறங்கும்போது பாதி வழியில் பிரேக் கருகும் வாசனை வருகிறது, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது, அப்போதுதான் பயம் பிடிக்கிறது. இதைத் தவிர்க்கத் தேவையான இயற்பியல் முழுக்கப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது: விசை, நிறை, வேகம், உராய்வு. அதைப் பெடலுக்கும் கியருக்கும் எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பெரும்பாலும் காரை வைத்தே சொல்லியிருக்கிறேன். பைக், ஸ்கூட்டருக்குத் தனியாக ஒரு படி இருக்கிறது.

பாதையைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது உயரக் கணக்கு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை ஏற்றம் பெரிதாகத் தெரியாது. அதற்குப் பிறகு சுமார் 20 கி.மீ. தூரத்துக்குள், 20 கொண்டை ஊசி வளைவுகளோடு, ஏறக்குறைய 1,100 மீட்டர் ஏற வேண்டும். சராசரியாக 100 மீட்டர் போனால் ஐந்தரை மீட்டர் ஏற்றம். சில இடங்களில், அதுவும் வளைவின் உள்பக்கத்தில், இதைவிடச் செங்குத்தாக இருக்கும்.

1. காகிதங்களை எடுத்து வையுங்கள்

ஓட்டுநர் உரிமம், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. நான்கும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருந்தால் போதும், சட்டப்படி செல்லும். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது என்பதால் வீட்டிலேயே திறந்து, போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லையென்றால் 2,000, ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 அபராதம்.

இதில் பலர் விழும் குழி வாடகை வண்டி. முறையாக வாடகைக்கு விடப்படும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். தெரிந்தவர் மூலம் வெள்ளைப் பலகை வண்டியை நாள் வாடகைக்கு எடுத்தால், ஏதாவது ஆனபிறகு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடலாம். வாடகை 300 ரூபாய் குறைகிறது என்று அதை எடுக்காதீர்கள்.

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) மட்டும் வைத்திருப்பவர்கள் பயிற்சிக்காக இந்த மலைக்கு வர வேண்டாம். பக்கத்தில் உரிமம் உள்ளவர் உட்கார்ந்திருந்தாலும் சரி.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் வந்த இ-பாஸ் முறையை ஏற்காட்டோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த ஏற்பாடு அந்த இரண்டு ஊர்களுக்குத்தான் வந்தது. மே மாதக் கோடை விழா நாட்களில் மட்டும், போக ஒரு வழி, வர ஒரு வழி என்று போலீஸ் மாற்றிவிடுவது உண்டு. முந்தைய நாள் செய்தி பார்த்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு வாரம் முன்பே வண்டியைப் பாருங்கள்

முந்தைய நாள் இரவு பார்த்தால் பயனில்லை. உதிரி மாற்ற வேண்டியிருந்தால் நேரம் இருக்காது.

டயர்: பட்டன் (டயரின் மேல் எழும்பி நிற்கும் ரப்பர் கட்டைகள்) ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் அது மொட்டை டயர், மாற்றியே ஆக வேண்டும். பட்டன்களுக்கு நடுவே குறுக்காகச் சிறிய மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் இந்த அளவு வந்துவிட்டது என்று அர்த்தம். மழை மாதமென்றால் 3 மி.மீ. இருந்தால்தான் நிம்மதி. காய்ந்த சாலையில் பட்டன் பெரிய வேலை செய்வதில்லை. ஈரச் சாலையில் தண்ணீரை வெளியே தள்ள அது வேண்டும்.

காற்று: ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரி. 'மலைக்குப் போகிறோம், கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும்' என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். 1,200 கிலோ காரில் ஒரு டயர் தாங்குவது 300 கிலோ. 32 பிஎஸ்ஐ காற்றில் அது சாலையைத் தொடும் இடம் சுமார் 135 சதுர சென்டிமீட்டர். காற்றைக் குறைத்தால் இந்தப் பரப்பு கூடும், உண்மைதான். ஆனால் டயரின் பக்கச்சுவர் மடங்கி, வளைவில் வண்டி தளதளவென்று ஆடும், டயர் சூடேறும். கிடைக்கும் லாபத்தைவிடப் போவது அதிகம். மேலே போனதும் அளந்து பார்த்துக் குழம்பவும் வேண்டாம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும், குளிரால் கொஞ்சம் குறைத்துக் காட்டும், ஏறக்குறைய சரியாகிவிடும்.

பிரேக் ஆயில்: இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 (பிரேக் ஆயிலில் ஒரு தரம்) ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. மலை இறங்கும்போது பிரேக் 140 டிகிரியை எளிதாகவே எட்டிவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. நீங்கள் மிதிப்பது ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். கூலியோடு சேர்த்துச் சிறிய காருக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

பிரேக் பேட், ஷூ எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் சரிவில் வண்டியைத் தனியாகப் பிடித்து நிறுத்துகிறதா என்பதையும் பாருங்கள். கூலன்ட், வைப்பர் ரப்பர், விளக்குகள், ஹாரன் இவையெல்லாம் வழக்கமானவை.

3. எடையைக் கணக்கிடுங்கள்

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். வளைவில் எவ்வளவு வேகத்தில் திரும்பலாம் என்ற கணக்கில் நிறை வராது. கனமான வண்டியைத் திருப்பக் கூடுதல் விசை வேண்டும், ஆனால் அதே கனம் டயரைச் சாலையோடு அழுத்துவதால் உராய்வும் அதே விகிதத்தில் கூடுகிறது. இரண்டும் கழிந்துவிடும். இதைக் கேட்டுவிட்டு 'ஆளை ஏற்றினால் ஒன்றும் ஆகாது' என்று முடிவு செய்வதுதான் தப்பு.

இறங்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நிறையோடு நேராகக் கூடும். காலியாக 900 கிலோ இருக்கும் கார், நான்கு பேரும் பைகளுமாக 1,200 கிலோ ஆனால், பிரேக் சூடும் மூன்றில் ஒரு பங்கு கூடும். கேரியரில் மூட்டை கட்டினால் இன்னொரு சிக்கல்: எடையின் மையம் மேலே போய், வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும். கனமானதைக் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வையுங்கள். பின் சீட் கால் வைக்கும் இடம் நல்லது, டிக்கி அடுத்தது, கேரியர் வேண்டவே வேண்டாம். தண்ணீர்ப் பாட்டில் எதையும் ஓட்டுநர் காலடியில் உருளும்படி விடாதீர்கள். பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

4. நேரமும் வழியும்

காலை ஆறரை மணிக்குள் அடிவாரம் தாண்டிவிட்டால் சாலை காலியாக இருக்கும், சுற்றுலா பஸ்கள் குறைவு. திரும்பும்போது வெளிச்சம் இருக்கையிலேயே, நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். ஞாயிறு மாலை இறக்கம் முதல் முறை ஓட்டுபவருக்கு ஆகாது. வரிசையாக வண்டிகள் நின்று நின்று நகரும், கால் பிரேக்கிலேயே கிடக்கும்.

அயோத்தியாப்பட்டணம் பக்கம் குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது, தூரம் கூடுதல். கனமழையில் முக்கியப் பாதையில் மண் சரிந்தால் வண்டிகளை அந்த வழியே திருப்பிவிடுவார்கள். முதல் பயணத்துக்கு முக்கியப் பாதையே போதும்.

5. ஏறும்போது

சரிவில் வண்டியைப் பின்னால் இழுக்கும் விசை எளிய கணக்கு: எடையைச் சரிவு விகிதத்தால் பெருக்கினால் வரும். 1,200 கிலோ கார், நூற்றுக்குப் பத்து சரிவு என்றால் 120 கிலோ எடை அளவுக்குப் பின்னிழுப்பு. இதை ஐந்தாவது கியரில் இழுக்க நினைத்தால் என்ஜின் திணறும், கடகடவென்று அடிக்கும். திணறும் முன்பே கியரை இறக்குங்கள். நேரான ஏற்றத்தில் மூன்றாவது அல்லது இரண்டாவது. கொண்டை ஊசியில் இரண்டாவது, உள்பக்க வளைவில் முன்னால் பஸ் நின்றுவிட்டால் முதல் கியர். உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத என்ஜினின் சக்தி மேலே போய்ச் சேரும்போது ஏழில் ஒரு பங்கு வரை குறைந்திருக்கும். ஏசியை அணைத்தால் கொஞ்சம் மீளும்.

நடுச்சரிவில் நின்று எடுக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், முதல் கியர் போடுங்கள், கிளட்சை மெல்ல விடுங்கள். வண்டியின் முன்பக்கம் லேசாக எழுந்து, என்ஜின் சத்தம் தாழும் இடத்தில் காலை அசையாமல் நிறுத்துங்கள். ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பின்னால் ஓர் அங்குலம்கூட உருளாது. கிளம்பும் முன் நம்மூரில் ஏதாவது ஆளில்லாத சரிவில் பத்து இருபது தடவை செய்து கை பழக்கிக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதது: வண்டியைப் பாதி கிளட்சிலேயே பிடித்து நிறுத்தி வைப்பது. 120 கிலோ இழுப்பு முழுவதும் கிளட்ச் தட்டின் வழுக்கலில் வெப்பமாகிறது. ஐந்து நிமிட நெரிசலில் தட்டு கருகிவிடும். சிறிய காருக்கே கிளட்ச் செட் மாற்றக் கூலியோடு ஏழெட்டாயிரத்துக்குக் குறையாது.

6. கொண்டை ஊசி வளைவு

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வண்டி வளைவில் திரும்ப வேண்டுமென்றால் அதை உள்பக்கம் இழுக்க ஒரு விசை வேண்டும். அந்த விசையைத் தருவது டயருக்கும் தாருக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டும்தான். ஸ்டியரிங் எவ்வளவு திருப்பினாலும் உராய்வு இல்லையென்றால் வண்டி நேராகத்தான் போகும். 12 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காய்ந்த தார்ச் சாலையில் உராய்வுக் குணகம் (பிடிப்பைச் சொல்லும் எண்) சுமார் 0.7. கணக்குப் போட்டால் டயர் வழுக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு 33 கி.மீ. மழை ஈரத்தில் குணகம் 0.4 ஆனால் 25 கி.மீ. மணலோ எண்ணெயோ சகதியோ கிடந்து 0.2 ஆனால் 17 கி.மீ.தான்.

இவை வழுக்கும் எல்லைகள். ஓட்ட வேண்டிய வேகம் இதற்குக் கீழே, காய்ந்த சாலையில் 20, ஈரத்தில் 15. வேகம் வர்க்கமாகக் கணக்கில் வருவதைக் கவனியுங்கள். 20-லிருந்து 30-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், தேவைப்படும் பிடிப்போ இரண்டேகால் மடங்கு.

அடுத்து, டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி, ஒரே தொகைதான். பிரேக்குக்கும் அதிலிருந்துதான், திருப்புவதற்கும் அதிலிருந்துதான். பிடிப்பில் 90 சதவீதத்தைப் பிரேக் எடுத்துக்கொண்டால், இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்வதால், திருப்புவதற்கு மிஞ்சுவது 43 சதவீதம் வரைதான். முழுப் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஏபிஎஸ் இருந்தால் சக்கரம் பூட்டாது, ஆனால் பிடிப்பின் மொத்தத் தொகையை ஏபிஎஸ்ஸால் கூட்ட முடியாது.

ஆகவே வரிசை இது. வளைவு எண் போட்ட பலகை தெரிந்ததும், சாலை இன்னும் நேராக இருக்கும்போதே பிரேக் அடித்து வேகத்தைக் குறையுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் முன் இரண்டாவது கியருக்கு வாருங்கள். ஹாரன் கொடுங்கள். பிரேக்கை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஏறும்போதென்றால் வளைவு முழுக்க ஆக்ஸிலேட்டர் ஒரே சீராக இருக்கட்டும். வளைவுக்கு நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள், கியர் மாற்றாதீர்கள்.

பஸ்ஸோ லாரியோ எதிரே வந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள். நீள வண்டிக்கு முழு அகலமும் வேண்டும். அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தைவிட உள்ளே வெட்டி வரும், வாலோ வெளியே வீசும். இரண்டுக்கும் நடுவில் நுழைந்தால் இடம் இருக்காது. அகலம் போதாத மலைச் சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சாலை விதி. நின்றால் அதற்கு மறுபடி எடுப்பது கஷ்டம். இறங்கும் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

பாறையில் குரங்குகளைப் பார்த்ததும் முன்னால் போகும் கார் வளைவிலேயே நின்று பிஸ்கட் போடும். இது தினசரிக் காட்சி. அதற்கும் சேர்த்து முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விடுங்கள்.

7. இறங்கும்போது

வண்டிகள் கெடுவதும் விபத்தாவதும் பெரும்பாலும் இங்கேதான். கணக்கைப் பாருங்கள்.

1,200 கிலோ வண்டி 1,100 மீட்டர் உயரத்தில் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 1.3 கோடி ஜூல். டயர் உருளலும் காற்றுத் தடையும் கொஞ்சம் தின்றுவிடும். மிஞ்சுவது 90 லட்சத்துக்கு மேல். 40 கி.மீ. வேகத்தில் போகும் அதே வண்டியை ஒரு முறை முழுதாக நிறுத்தினால் பிரேக் விழுங்குவது சுமார் 74 ஆயிரம் ஜூல். அப்படியானால் அடிவாரம் வரை பிரேக்கிலேயே இறங்குவது, நூறு தடவைக்கு மேல் தொடர்ந்து 40-லிருந்து நிறுத்துவதற்குச் சமம். நான்கு சக்கரத்து டிஸ்க்கும் டிரம்மும் சேர்ந்து 30 கிலோ இரும்பு என்று வைத்தால், காற்று ஆற்றாவிட்டால் வெப்பம் 600 டிகிரிக்கு மேல் ஏறும். காற்று ஆற்றும், ஆகவே அவ்வளவு போகாது. ஆனால் 140 டிகிரியில் கொதிக்கும் பழைய ஆயிலுக்கு அதில் பாதியே அதிகம். ஆயில் கொதிக்கும் முன்பே, சூடான பேடின் உராய்வு குறைந்து, எவ்வளவு மிதித்தாலும் வண்டி பிடிக்காத நிலையும் வரலாம்.

இந்த ஆற்றலை என்ஜினிடம் கொடுத்துவிடுங்கள். எந்தக் கியரில் அந்த இடத்தில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது. காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டால் என்ஜினே வண்டியைப் பின்னால் பிடிக்கும். வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றி உறுமும். புதியவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து மேல் கியருக்குப் போய்விடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சிவப்புக் கோட்டுக்கு அது வெகு கீழே.

என்ஜின் பிடித்தாலும் வேகம் மெல்ல ஏறும். 35-ஐ நெருங்கினால் பிரேக்கை உறுதியாக மூன்று நான்கு நொடி மிதித்து 20-க்குக் கொண்டுவந்து, முழுதாக விட்டுவிடுங்கள். விடும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்குவது பார்க்கப் பத்திரமாகத் தெரியும், பிரேக்கைக் கொல்வது அதுதான்.

நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்பரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் கணினி எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் ஓட பெட்ரோல் செலவாகும். என்ஜினை அணைத்து இறக்குவது அதைவிட மோசம். இரண்டு மூன்று மிதியோடு பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியை எடுத்தால் பூட்டியும்விடும்.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் 'டி'-யிலேயே இறங்காதீர்கள். மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டாவது கியரில் நிறுத்துங்கள். அது இல்லாத வண்டியில் 'எல்' அல்லது 'எஸ்' இருக்கும். மின்சாரக் கார் என்றால் மேலே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றாதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வாங்க இடமிருக்காது, மோட்டார் பிடிக்காது, சுமை முழுக்கச் சாதாரண பிரேக்குக்கே வந்துவிடும். 80 சதவீதத்தில் இறங்கத் தொடங்குங்கள், கீழே வரும்போது சார்ஜ் கூடியிருக்கும்.

கருகின வாசனை வந்தாலோ பெடல் மிருதுவானாலோ அகலமான இடம் பார்த்து நிறுத்தி, இருபது முப்பது நிமிடம் விட்டுவிடுங்கள். காபி குடிக்கலாம். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒரு பக்கம் சுருங்கிக் கோணலாகிவிடும்.

8. மழையும் பனிமூட்டமும்

இடைவெளிக்குக் கணக்கு: நூற்றுக்கு எட்டு இறக்கம், ஈரச் சாலை. ஆபத்தைப் பார்த்து, பிரேக்கில் கால் போக ஒரு நொடி என்று வைத்தால் வண்டி முழுதாக நிற்க ஆகும் தூரம்:

20 கி.மீ. வேகத்தில் சுமார் 10 மீட்டர்
30 கி.மீ. வேகத்தில் சுமார் 19 மீட்டர்
40 கி.மீ. வேகத்தில் சுமார் 31 மீட்டர்

பனிமூட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். இருபது மீட்டர் தெரிந்தால் 30 கி.மீ.கூட அதிகம், எதிரே வருபவரும் நகர்கிறார். விளக்கை லோ பீமில் வையுங்கள், ஹை பீம் போட்டால் வெண்சுவர்தான் தெரியும்.

நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம் மிக மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரில் கலந்து வழவழப்பாகும். கொட்டித்தள்ளி மழை பெய்து கழுவிவிட்டால் பரவாயில்லை. வளைவுகளில் நிறைந்த டேங்க்கிலிருந்து வழியும் டீசல் வானவில் நிறத்தில் தெரியும். அதன் மேல் திருப்பவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம். நனைந்த சருகும் அப்படித்தான். கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்ததுபோல் ஆனால் மேலேயே மாட்டிக்கொள்ள நேரும்.

9. பைக், ஸ்கூட்டர்

பிரேக் அடித்தால் எடை முன்சக்கரத்துக்குப் போகும், இறக்கத்தில் ஏற்கெனவே கொஞ்சம் முன்னால்தான் இருக்கும். ஆகவே பிடிக்கும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு. 'முன் பிரேக் பிடித்தால் கவிழும்' என்று பின் பிரேக்கை மட்டும் அழுத்துகிறவர்களுக்குப் பின்சக்கரம் பூட்டி வண்டி குறுக்கே போகும். நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை மெல்ல ஆரம்பித்து இறுக்குங்கள். சாய்ந்திருக்கும்போது இரண்டும் வேண்டாம். வெள்ளைக் கோடு ஈரத்தில் தாரைவிட வழுக்கும், அதன் மேல் சாயாதீர்கள்.

ஸ்கூட்டரில் என்ஜின் பிடிப்பு குறைவு. வேகம் வெகுவாகக் குறைந்தால் கிளட்ச் தானாகவே விலகி வண்டி சும்மா உருளத் தொடங்கும். பின்னால் இருப்பது பெரும்பாலும் 130 மி.மீ. டிரம்தான். இரண்டு பேரோடு இறங்கினால் ஐந்தாறு கி.மீ.க்கு ஒரு முறை நிறுத்தி ஆற விடுங்கள். மூன்று பேர் என்றால் பஸ்ஸில் வாருங்கள்.

10. பிரேக் பிடிக்கவில்லையென்றால்

பெடலை வேகமாகப் பல முறை மிதியுங்கள், ஆவி இருந்தால் கொஞ்சம் அழுத்தம் திரும்பக்கூடும். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், மூன்று, இரண்டு, ஒன்று. ஹேண்ட் பிரேக்கை, பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே, மெல்ல மெல்ல இழுங்கள். ஒரே இழுப்பில் இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். ஹாரனில் கை இருக்கட்டும், விளக்கு எரியட்டும். அப்படியும் நிற்கவில்லையென்றால் மலைப்பக்கத்து மண்மேட்டில் பக்கவாட்டை உரசி நிறுத்துங்கள். கதவும் பெயின்ட்டும் போகும், அவ்வளவுதான். அவசரத்துக்கு 108.

11. நிறுத்தும்போது

மேலே சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்கடியில் கல் மூன்றும் வேண்டும். இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர். உருண்டால் சாலைக்கு வராமல் ஓரத்தில் முட்டும்படி முன்சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையில் விட்டுவிட்டு வராதீர்கள், அடுத்து வரும் பைக்குக்கு அதுதான் எமன்.

அடிவாரம் வந்து சேர்ந்ததும் உடனே நிறுத்தாமல் சமதளத்தில் பிரேக் தொடாமல் இரண்டு மூன்று கி.மீ. ஓட்டுங்கள், காற்றில் ஆறிவிடும். கொதிக்கக் கொதிக்க நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இறுக்கினால், டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவைக் கவ்விக்கொள்ளும். சமதளமென்றால் கியரில் விட்டாலே போதும். ஒரு மணி நேரம் கழித்துப் பிரேக் ஆயில் மட்டம், பெடல் உயரம் இரண்டையும் பாருங்கள். பெடல் காலையில் இருந்ததைவிடக் கீழே போகிறதென்றால் ஆயிலை மாற்றி, குழாயில் சேர்ந்த காற்றை எடுக்கும்வரை நெடுஞ்சாலைக்கு அந்த வண்டியை எடுக்காதீர்கள்.